வாசகரை வரவழைப்பதும் இருக்க வைப்பதும்: வலைப்பதிவு எழுதத் தொடங்குவோருக்கு

வலைப்பதிவு எழுதத் தொடங்குகிறவர்கள் முதலில் கேட்பது, "என் பதிவை நிறையப் பேர் படிக்க என்ன செய்ய வேண்டும்?" என்பதுதான். இந்த ஒரு கேள்விக்குள் இரண்டு வேலைகள் இருக்கின்றன. ஒருவரைப் பதிவின் வாசல் வரை வரவழைப்பது ஒன்று. வந்தவரைக் கடைசி வரி வரை இருக்க வைத்து, முடிந்தால் அடுத்த முறை தானாகவே தேடி வரும்படி செய்வது இன்னொன்று. முதல் வேலையில் தலைப்பு, தேடுபொறி, நண்பர்களின் பகிர்வு என்று பல கைகள் உதவும். இரண்டாவது வேலையை எழுத்து ஒன்றுதான் செய்தாக வேண்டும். கிடைக்கிற அறிவுரைகளில் முக்கால்வாசி முதல் வேலையைப் பற்றியே பேசுகின்றன. வந்தவர் நிற்காவிட்டால் வரவழைத்து என்ன பயன் என்று எனக்குத் தோன்றுவதால், நான் இரண்டாவது வேலைக்கே அதிக இடம் தரப் போகிறேன்.

முதலில் கொஞ்சம் கசப்பான செய்தி. இணையத்தில் மக்கள் எப்படிப் படிக்கிறார்கள் என்று, இணையதளங்களின் பயன்பாட்டை ஆராயும் ஜேக்கப் நீல்சன் 1997-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார். சோதனையில் கலந்துகொண்டவர்களில் 79 சதவீதம் பேர் புதிதாகத் திறந்த எந்தப் பக்கத்தையும் மேலோட்டமாக மேய்ந்துவிட்டுத்தான் போனார்கள். சொல் சொல்லாகப் படித்தவர்கள் 16 சதவீதம். கையில் செல்பேசி இல்லாத காலத்துக் கணக்கு இது. 2014-ல், இணையதளங்களுக்கு வாசகர் கணக்கு எடுத்துத் தரும் சார்ட்பீட் நிறுவனத்தின் தலைவர் டோனி ஹெய்ல், ஒரு பக்கத்துக்கு வருகிறவர்களில் 55 சதவீதம் பேர் அதில் உண்மையாகக் கவனம் செலுத்துவது 15 விநாடிக்கும் குறைவு என்று எழுதினார்.

இதைப் படித்து மனம் உடைய வேண்டியதில்லை. வாசகர் சோம்பேறி என்றும் முடிவு கட்ட வேண்டாம். அவருக்கு வேண்டியது இந்தப் பக்கத்தில் இருக்கிறதா என்று அவர் பார்க்கிறார். இருக்கிறது என்று தெரிந்தால் நிற்கிறார். தெரியாவிட்டால் அடுத்த பக்கம் ஒரு விரல் தட்டலில் காத்திருக்கிறது. வலைப்பதிவு நடத்த உதவும் பிளாகர் 1999-லும் வேர்ட்பிரஸ் 2003-லும் வந்த பிறகு பதிவு போடுவதற்குக் காசும் தேவையில்லை, யாருடைய அனுமதியும் தேவையில்லை. எழுதுகிறவர்கள் பெருகிவிட்டார்கள். படிக்கிறவருக்கு ஒரு நாளில் இருக்கும் நேரம் மட்டும் அப்படியே இருக்கிறது.

வாசகர் எங்கிருந்து வருகிறார்?

எழுத உட்காரும் முன் இதை யோசித்துவிடுவது நல்லது. வழி மாறினால் வருகிறவரின் மனநிலையும் மாறிவிடும்.

தேடுபொறி வழியாக வருகிறவர் கையில் ஒரு கேள்வியோடு வருகிறார். உங்கள் பெயர் அவருக்குத் தெரியாது, தெரிந்துகொள்ளும் எண்ணமும் இல்லை. பதில் கிடைத்தால் போதும். சமூக ஊடகத்திலோ வாட்ஸாப்பிலோ யாரோ பகிர்ந்த சுட்டியைத் தொட்டு வருகிறவரிடம் கேள்வி எதுவும் கிடையாது. சும்மா ஒரு ஆர்வம், அல்லது பகிர்ந்தவர் மேல் உள்ள மரியாதை. இவர்தான் எல்லோரையும்விடச் சீக்கிரம் போகிறவர். மூன்றாவது ஆள் சந்தாதாரர். உங்கள் பதிவை மின்னஞ்சலிலோ, புதிய பதிவுகளைத் தானாகக் கொண்டுவந்து தரும் செய்தியோடையிலோ வாங்கிப் படிக்கிறவர். அவருக்கு உங்கள் எழுத்து பழக்கமாகிவிட்டது. சுமாரான தலைப்பு வைத்தாலும் வந்து பார்ப்பார்.

தொடக்கத்தில் மூன்றாவது ஆள் உங்களுக்கு இல்லை. இரண்டாவது ஆள் அலை மாதிரி வந்து போவார். ஆகவே புதிதாக எழுதுகிறவர் முதல் ஆளை மனத்தில் வைத்து எழுதுவதுதான் சரி என்பது என் கருத்து. தேடி வந்தவரில் சிலர்தான் பிற்பாடு சந்தாதாரர் ஆகிறார்கள்.

பொருளைச் சுருக்குங்கள்

புதிதாக எழுதுகிறவர்கள் அகலமான பொருளை எடுத்துக்கொள்வார்கள். "சைக்கிள் பராமரிப்பு" என்று ஒரு பதிவு. டயர், பிரேக், செயின், எண்ணெய், துடைப்பது எல்லாம் இரண்டிரண்டு வரி. எழுதியவருக்குத் திருப்தி. படிக்கிறவருக்கு? அவருடைய சைக்கிளில் செயின் திரும்பத் திரும்பக் கழல்கிறது. அதற்காகத் தேடித்தான் வந்தார். செயினைப் பற்றி இரண்டு வரி. அதிலும் ஒன்று "அவ்வப்போது எண்ணெய் விடவும்". போய்விடுகிறார்.

"கியர் இல்லாத சைக்கிளில் செயின் அடிக்கடி கழல்வது ஏன்" என்று எழுதியிருந்தால் அவர் உட்கார்ந்து படித்திருப்பார். பொருள் சிறிதாகும்போது வாசகர் எண்ணிக்கை குறைந்துவிடும் என்று பயப்படுகிறோம். நடப்பது வேறு. அகலமான பொருளுக்குப் பெரிய தளங்கள் ஏற்கெனவே ஆயிரம் பக்கம் போட்டு வைத்திருக்கின்றன. அவற்றைத் தாண்டி உங்கள் பக்கம் தேடலில் மேலே வருவது கடினம். குறுகலான கேள்விக்கு ஒழுங்கான பதில் எழுதியவர்கள் சொற்பம்.

என்ன கேள்வி என்று எப்படித் தெரியும்? தேடுபெட்டியில் இரண்டு சொல் தட்டுங்கள். மற்றவர்கள் தேடியதைக் கூகுளே கீழே காட்டும். அதைவிட நல்ல வழி, உங்களிடம் நேரில் வந்து யாராவது கேட்ட கேள்வியை எழுதுவது. ஒருவர் வாய்விட்டுக் கேட்டதை இன்னும் பலர் மனத்துக்குள் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கேட்டவர் எந்தச் சொற்களால் கேட்டாரோ அதே சொற்களைப் பதிவிலும் வைத்துக்கொள்ளுங்கள். தேடுகிறவரும் பெரும்பாலும் அப்படித்தான் தட்டுவார்.

தலைப்பு ஒரு வாக்குறுதி

தலைப்பைப் பற்றி எழுதியே பலர் பேர் வாங்கிவிட்டார்கள். நான் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தெரிந்ததற்கும் தெரிந்துகொள்ள விரும்புவதற்கும் நடுவே ஓர் இடைவெளி இருப்பது நம் கண்ணில் படும்போதுதான் ஆர்வம் பிறக்கிறது என்று பொருளியல் அறிஞர் ஜார்ஜ் லோவன்ஸ்டீன் 1994-ல் ஓர் ஆய்வுக் கட்டுரையில் விளக்கினார். நல்ல தலைப்பு அந்த இடைவெளியைக் காட்டுகிறது. மோசமான தலைப்பும் அதையேதான் செய்கிறது. "இதைப் படித்தால் இனிமேல் சைக்கிளைத் தொடவே மாட்டீர்கள்!" என்பதிலும் இடைவெளி இருக்கிறது. உள்ளே போனால் அதை நிரப்ப ஒன்றும் இல்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

இப்படி ஏமாற்றும் தலைப்புகளை அடையாளம் காண ஃபேஸ்புக் 2014 ஆகஸ்டில் அறிவித்த வழிகளில் ஒன்று எளிமையானது. சுட்டியைத் தொட்டவர் வெளியே எவ்வளவு நேரம் இருந்தார் என்று பார்ப்பது. போன வேகத்தில் திரும்பி வந்தால், தலைப்பு சொன்னது உள்ளே இல்லை என்று கணக்கு. வரவழைத்தது எது, இருக்க வைத்தது எது என்று ஓர் எந்திரமே பிரித்துப் பார்க்கத் தொடங்கிய இடம் இது.

ஆகவே தலைப்பில் பொருளும் யாருக்கு என்பதும் தெரிந்தால் போதும். முக்கியமான சொல் முன்னால் வரட்டும். தேடல் முடிவில் தலைப்புக்குக் கிடைக்கும் இடம் திரையின் அகலத்தைப் பொறுத்தது, மீதியைக் கூகுள் வெட்டிவிடும். தமிழ் எழுத்துகள் அகலமானவை என்பதால் நமக்குச் சீக்கிரமே இடம் தீர்ந்துபோகும். "அனைவரும் கட்டாயம் அறிந்திருக்க வேண்டிய" என்று தொடங்கும் தலைப்பில், எதை அறிந்திருக்க வேண்டும் என்பதற்கு வருவதற்குள் வெட்டு விழுந்துவிடும். தலைப்பை முதலில் எழுதி, பதிவை முடித்த பின் மறுபடி எழுதுங்கள். எழுதும்போது பதிவு வேறு பக்கம் திரும்பியிருக்கும்; பழைய தலைப்பு அதற்குப் பொருந்தாது.

முதல் பத்தி

என்னைக் கேட்டால், ஒரு பதிவுக்கு ஒதுக்கும் நேரத்தில் கால்வாசியை முதல் பத்திக்கே கொடுக்கலாம். 15 விநாடி கணக்கு நினைவிருக்கட்டும். அதற்குள் வாசகர் படிப்பது தலைப்பும் முதல் சில வரிகளும்தான். அந்த வரிகளில் பெரும்பாலான பதிவுகள் என்ன செய்கின்றன என்று பாருங்கள்:

"மனிதகுல வரலாற்றில் சைக்கிளுக்கென்று ஒரு தனி இடம் உண்டு. சுற்றுச்சூழலைக் கெடுக்காத, உடல்நலத்துக்கு உகந்த வாகனமாக அது விளங்குகிறது. இன்றைய அவசர உலகில் சைக்கிள் ஓட்டும் பழக்கம் மீண்டும் பெருகி வருகிறது. அத்தகைய சைக்கிளின் முக்கியமான உறுப்புகளுள் ஒன்று செயின். இந்தப் பதிவில் செயின் கழல்வதற்கான காரணங்களையும் அதற்கான தீர்வுகளையும் விரிவாகக் காண்போம்."

இதில் பொய் எதுவும் இல்லை. தேடி வந்தவருக்குத் தேவையானதும் எதுவும் இல்லை. சைக்கிளின் பெருமையை அவரிடம் சொல்ல வேண்டியதில்லை. அவரிடம் சைக்கிள் இருக்கிறது, அதன் செயின்தான் கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. "விரிவாகக் காண்போம்" என்பது, இனிமேல்தான் தொடங்கப் போகிறேன் என்று சொல்வதற்கு ஒரு வாக்கியம் செலவழிப்பது. பள்ளிக்கூடத்தில் கட்டுரைக்கு முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிப் பழகிய கை, முன்னுரை இல்லாமல் தொடங்கக் கூச்சப்படுகிறது. கூச்சத்தை விட்டால் இப்படி வரும்:

"கியர் இல்லாத சைக்கிளில் செயின் திரும்பத் திரும்பக் கழன்றால், பெரும்பாலும் அது தளர்ந்திருக்கும். கீழ்ப்பக்கச் செயினின் நடுவில் விரலை வைத்து மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். அரை அங்குலத்துக்கு மேல் நன்றாக ஆடினால், பின்சக்கரத்தைக் கொஞ்சம் பின்னுக்கு இழுத்து நட்டை இறுக்க வேண்டும். ஒரு ஸ்பேனர் போதும். இறுக்கிய பிறகும் கழன்றால் செயின் தேய்ந்திருக்க வாய்ப்பு உண்டு. அதை ஒரு ஸ்கேலை வைத்தே கண்டுபிடித்துவிடலாம்."

முதல் வாக்கியத்திலேயே பதிலின் பாதி வந்துவிட்டது. "கியர் இல்லாத" என்ற இரண்டு சொல், கியர் வண்டிக்காரரை மரியாதையாக வழியனுப்பிவிடுகிறது. அவரை ஐந்து பத்தி இழுத்தடித்துத் திட்டு வாங்க வேண்டாம். இரண்டாவது வாக்கியம் படிக்கிறவரின் விரலுக்கு ஒரு வேலை கொடுக்கிறது. எழுந்து போய் அசைத்துப் பார்த்தவர் உங்கள் பக்கத்துக்குத் திரும்பி வருவார். கடைசியில் ஸ்கேலைப் பற்றிய பேச்சு ஓர் இடைவெளியைத் திறந்து வைக்கிறது. ஸ்கேலை வைத்து எப்படி? மேலே படிக்க இப்போது ஒரு காரணம் இருக்கிறது.

பதிலை முதலிலேயே சொல்லிவிட்டால் மிச்சத்தை யார் படிப்பார்கள் என்று ஒரு கேள்வி வரும். சிலர் படிக்க மாட்டார்கள், உண்மைதான். பதிலை ஒளித்து வைத்திருந்தாலும் அவர்கள் ஒளித்த இடம் வரை தேடிவிட்டுத்தான் போயிருப்பார்கள், அதுவும் எரிச்சலோடு. செய்தித்தாள்காரர்கள் நெடுங்காலமாக முக்கியமானதை முதலில் வைத்து, விவரங்களை அடுத்தடுத்து அடுக்கி வருகிறார்கள். அங்கும் நிறையப் பேர் முதல் பத்தியோடு பக்கத்தைத் திருப்புகிறார்கள். மறுநாள் அதே தாளைத்தான் கையில் எடுக்கிறார்கள்.

ஒரு விலக்கு சொல்ல வேண்டும். நினைவுக் குறிப்பு, பயண அனுபவம், நகைச்சுவை போன்ற பதிவுகளில் பதில் என்று ஒன்று கிடையாது. அங்கே முதல் பத்தி தர வேண்டியது எழுதுகிறவரின் குரலை. இந்த ஆளோடு கொஞ்ச நேரம் இருக்கலாம் என்று தோன்ற வேண்டும். அதற்கும் மனிதகுல வரலாறு உதவாது.

உள்ளே என்ன இருக்க வேண்டும்

முதல் பத்தி வாங்கித் தந்த நம்பிக்கை இரண்டு மூன்று பத்திகளுக்குத் தாங்கும். அதற்குள் அடுத்த பிடி கொடுக்க வேண்டும். வேறெங்கும் எளிதில் கிடைக்காத, சரிபார்க்கக்கூடிய, குறிப்பான விவரம்தான் அந்தப் பிடி.

மேலே சொன்ன ஸ்கேல் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். "செயின் அதிகம் தேய்ந்திருந்தால் மாற்றிவிட வேண்டும்" என்று எழுதுவது சுலபம். எவ்வளவு தேய்ந்தால் அதிகம்? சைக்கிள் செயினில் கண்ணிகளை இணைக்கும் சிறு ஆணிக்குப் பின் என்று பெயர். ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் இடையே அரை அங்குலம். ஒரு பின்னின் மையத்தில் ஸ்கேலின் தொடக்கத்தை வைத்து 24 இடைவெளி எண்ணினால், புதிய செயினில் 24-வது பின்னின் மையம் சரியாக 12 அங்குலத்தில் நிற்கும். தேயத் தேய அந்தப் பின் கோட்டைத் தாண்டிப் போகும். பதினாறில் ஒரு அங்குலம் தாண்டினால் செயினை மாற்றும் காலம் வந்துவிட்டது. எட்டில் ஒரு அங்குலம் தாண்டிவிட்டால் பல்சக்கரமும் சேர்ந்து தேய்ந்திருக்கும், செயினை மட்டும் மாற்றிப் பயனில்லை.

இந்த ஐந்தாறு வரிக்காகத்தான் ஒருவர் அந்தப் பக்கத்தைச் சேமித்து வைப்பார், இன்னொருவருக்கு அனுப்புவார். பதிவின் மற்ற பகுதிகள் எல்லாம் இந்த இடத்துக்குக் கூட்டி வரும் வழி. எந்தப் பதிவை எழுதி முடித்தாலும், "இதில் ஒருவர் குறித்து வைத்துக்கொள்ளும் வரி எது?" என்று தேடிப் பாருங்கள். அகப்படவில்லை என்றால் வெளியிட அவசரம் வேண்டாம். எண், அளவு, பெயர், வரிசை, செய்யக்கூடாதது என்ன, செய்தால் என்ன ஆகும் என்பவற்றில் ஏதாவது ஒன்று விட்டுப்போயிருக்கும். பொதுவான பேச்சை இப்போது எந்திரமே நொடியில் எழுதித் தந்துவிடுகிறது. ஸ்கேலை வைத்து அளந்து பார்த்தவர் எழுதுவதற்கு மதிப்பு கூடியிருக்கிறது.

இந்த விஷயத்தில் கூகுளும் அதே பக்கம் சாய்கிறது. 2011 பிப்ரவரியில் அது தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் முறையில் பாண்டா என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தபோது, மேலோட்டமான பக்கங்களை மூட்டை மூட்டையாகப் போட்டுக்கொண்டிருந்த தளங்கள் தேடலில் சரிந்தன. அமெரிக்கத் தேடல்களில் ஏறக்குறைய 12 சதவீதத்தில் அதன் பாதிப்பு தெரிந்ததாக அந்நிறுவனமே சொன்னது. 2022 டிசம்பரில், தேடல் முடிவுகளின் தரத்தைப் பார்த்துச் சொல்லும் மதிப்பீட்டாளர்களுக்கான தன் வழிகாட்டியில், எழுதியவருக்கு அந்த விஷயத்தில் நேரடி அனுபவம் உண்டா என்பதையும் சேர்த்தது. நீங்களே கழற்றி மாட்டிய செயினின் படம் ஒன்று, வாங்கிப் போட்ட அழகான படங்களைவிட அதிகம் பேசும்.

தேடுசொல்லை வாக்கியத்துக்கு வாக்கியம் திணிக்கும் பழக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. "சைக்கிள் செயின் கழல்வது ஏன் என்றால், சைக்கிள் செயின் கழலும் காரணங்களில் சைக்கிள் செயின்..." என்று போகும் பதிவுகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பக்கத்துக்குள் தேடுசொற்களை மறைவாக எழுதி வைக்கும் குறிச்சொல்லைத் தரவரிசைக்குப் பயன்படுத்துவதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது. தலைப்பில் ஒரு முறை, முதல் பத்தியில் ஒரு முறை, தேவையான இடங்களில் இயல்பாக என்று வந்தால் போதும்.

வாக்கியமும் பத்தியும்

தமிழில் எழுதுகிறவருக்கென்றே ஒரு தொல்லை உண்டு. பேசும்போது தெளிவாகப் பேசுகிறவர், எழுத உட்கார்ந்ததும் அரசாணை நடைக்குப் போய்விடுவார்:

"செயினானது முறையாகப் பராமரிக்கப்படாத பட்சத்தில் அதன் ஆயுட்காலம் குறைவடைவதற்கான வாய்ப்புகள் காணப்படுகின்றன."

சொல்ல வந்தது, "எண்ணெய் விடாவிட்டால் செயின் சீக்கிரம் தேயும்." 9 சொல் 5 சொல்லானது ஒரு லாபம்தான். அதைவிடப் பெரிய லாபம், யார் என்ன செய்ய வேண்டும் என்பது இரண்டாவதில் தெரிகிறது. முதலாவதில் "பராமரிப்பு" என்றால் என்ன என்றே தெரியவில்லை. பேச்சுத் தமிழில்தான் எழுத வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அது அவரவர் விருப்பம். "படுகிறது", "காணப்படுகிறது", "மேற்கொள்ளப்பட்டது" என்று முடியும் வாக்கியங்களை மட்டும் ஒரு முறை வடிகட்டிப் பாருங்கள். முக்கால்வாசியை நேராகத் திருப்பிவிடலாம். இன்னொரு சோதனை, சத்தமாக வாசிப்பது. மூச்சு வாங்கும் இடத்தில் வாக்கியத்தை உடைக்க வேண்டும்.

பத்தி விஷயத்தில் இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. திரை முழுக்க ஒரே பத்தியாக நிற்கும் எழுத்தைச் செல்பேசியில் யாரும் தொட மாட்டார்கள். அதற்குப் பயந்து ஒரு வரிக்கு ஒரு பத்தி போடுகிறவர்களும் இருக்கிறார்கள். அதைப் படிப்பது படிக்கட்டில் இறங்குவது மாதிரி, ஒவ்வொரு வரியிலும் கால் வைத்து வைத்து இறங்க வேண்டியிருக்கிறது. ஒரு கருத்து முடியும் வரை ஒரு பத்தி என்ற பழைய வழக்கமே போதும்.

துணைத்தலைப்புகள் மேய்கிறவருக்காக. நீல்சனின் குழு 2006-ல் 232 பேரின் கண் அசைவைப் பதிவு செய்து பார்த்தது. மேலே இருக்கும் வரிகளை அகலமாகப் படித்த கண், கீழே போகப் போக இடது ஓரத்தை ஒட்டியே இறங்கியது தெரிந்தது. வரியின் தொடக்கச் சொற்கள்தான் அந்தக் கண்ணில் படும். "சில முக்கியக் குறிப்புகள்" என்று துணைத்தலைப்பு வைத்தால் அது எதையும் பிடித்து நிறுத்தாது. "தேய்மானத்தை ஸ்கேலால் அளப்பது" என்று வைத்தால், அதற்காகவே வந்தவர் அங்கே நிற்பார்.

படம் தேவைப்பட்டால் மட்டும் போடுங்கள். செல்பேசியில் எடுத்த படத்தை அப்படியே ஏற்றாமல் சுருக்கி ஏற்றுங்கள். பக்கத்தின் முக்கியப் பகுதி 2.5 விநாடிக்குள் திரைக்கு வந்துவிடுவது நல்ல வேகம் என்று கூகுள் வரையறுக்கிறது, கனமான படங்கள்தான் அதைக் கெடுப்பதில் முதலிடம். படத்துக்கு மாற்று உரை எழுத ஒரு பெட்டி இருக்கும். பார்வையற்றவர்களின் திரைவாசிப்பான் அதைத்தான் படித்துச் சொல்கிறது, அதைக் காலியாக விடாதீர்கள்.

முகவரி, தேதி, சுட்டிகள்

தமிழ்த் தலைப்பு வைத்ததும் சில மென்பொருள்கள் அதையே பதிவின் முகவரியாக எடுத்துக்கொள்ளும். பார்க்க அழகாகத்தான் இருக்கும். நகலெடுத்து ஒட்டும்போதுதான் வேடிக்கை. ஒரு தமிழ்க் குறி கணினியில் 3 பைட் (கணினி இடத்தை அளக்கும் அலகு) எடுக்கிறது. முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து 3 எழுத்தாக விரியும். "தமிழ்" என்ற ஒரு சொல், இகரக் குறியும் புள்ளியும் தனிக்குறிகளாக எண்ணப்படுவதால், 5 குறி. முகவரியில் அது 45 எழுத்து. நாலு சொல் தலைப்பு வாட்ஸாப்பில் அரைத் திரையை அடைக்கும் குப்பையாகப் போய் விழும், பார்க்கிறவர் ஏதோ மோசடிச் சுட்டி என்று தொடாமல் விட்டுவிடுவார். வெளியிடும் முன் முகவரிப் பெட்டியில் இரண்டு மூன்று சொற்களை ஆங்கில எழுத்தில் நீங்களே தட்டிவிடுங்கள். வெளியிட்ட பிறகு மாற்றாதீர்கள். மாற்றியே ஆக வேண்டும் என்றால் பழைய முகவரிக்கு வருகிறவரைப் புதியதற்குத் திருப்பிவிடும் ஏற்பாட்டைச் செய்யுங்கள். பிளாகரின் அமைப்புகளில் அதற்கென்றே ஓர் இடம் உண்டு.

தேதியை மறைக்க வேண்டாம். பழைய பதிவு என்பது குற்றம் ஒன்றும் இல்லை. தேதி இல்லாத பதிவைத்தான் நம்ப முடியாது. தகவல் மாறியிருந்தால் திருத்திவிட்டு, எப்போது திருத்தினீர்கள் என்று ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.

உங்கள் பழைய பதிவுகளுக்கு உள்ளிருந்தே சுட்டி கொடுங்கள், ஆனால் வாசகருக்கு அந்த இடத்தில் அது தேவைப்படும்போது மட்டும். பக்கத்தின் அடியில் பத்துப் பதிவுகளை வரிசையாக அடுக்குவதைவிட, "நட்டை இறுக்கும்போது சக்கரம் ஒரு பக்கம் சாய்ந்தால்" என்ற இடத்தில் ஒரே ஒரு சுட்டி நன்றாக வேலை செய்யும். வெளியே இருக்கும் நல்ல பக்கங்களுக்கும் தயங்காமல் சுட்டி கொடுக்கலாம். வாசகர் போய்விடுவார் என்று பயந்தால், அவரைக் கட்டிப்போடுவதற்கு நம்மிடம் வேறு வழியும் இல்லை.

எத்தனை நாளுக்கு ஒரு பதிவு?

தினமும் எழுது என்பார்கள். எழுத முடிந்தால் எழுதுங்கள், ஆனால் சொல்ல ஒன்றும் இல்லாத நாளில் எழுதிய பதிவு, சொல்ல இருந்த நாளில் சேர்த்த பெயரையும் கரைத்துவிடும். மாதம் இரண்டு என்றாலும் அதே இடைவெளியில் வருவது நல்லது.

சந்தாவுக்கு வழி வைப்பது முக்கியம். பிறர் கட்டிய மேடையை மட்டும் நம்பியிருப்பது ஆபத்து. செய்தியோடைகளைப் படிக்க ஏராளமானோர் பயன்படுத்திய கூகுள் ரீடர் 2013 ஜூலை 1-ல் மூடப்பட்டபோது, வேறு செயலிக்கு மாறாத வாசகர்களைப் பதிவர்கள் சத்தமில்லாமல் இழந்தார்கள். மின்னஞ்சல் பட்டியல் உங்கள் கையில் இருக்கும் ஒன்று. ஒரு பெட்டி, ஒரு பொத்தான், மாதம் எத்தனை மடல் வரும் என்று ஒரு வரி. அதைப் பதிவின் முடிவில் வையுங்கள். படிக்கத் தொடங்கும் முன்பே திரையை மறைத்து மின்னஞ்சல் கேட்பது, உள்ளே வந்தவர் உட்காரும் முன் விலாசம் கேட்பது.

எண்களைப் படிப்பது

பதிவு வெளிவந்த பிறகு பார்வை எண்ணிக்கையை மணிக்கு நாலு முறை திறந்து பார்க்காதவர் இல்லை. அந்த ஒற்றை எண் எதையும் சொல்லாது. கூகுளின் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் தளத்தை அதில் சேர்த்துவிட்டால், என்ன சொற்களைத் தேடியபோது உங்கள் பக்கம் காட்டப்பட்டது, எத்தனை முறை காட்டப்பட்டது, எத்தனை பேர் தொட்டார்கள் என்று 16 மாதக் கணக்கு கிடைக்கும். கூடவே, வந்தவர்கள் எவ்வளவு நேரம் இருந்தார்கள் என்று காட்டும் ஏதாவது ஒரு கருவியும் வேண்டும்.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தேடலில் மேலேயே நிறைய முறை காட்டப்பட்டும் தொட்டவர்கள் சொற்பம் என்றால், முதலில் தலைப்பைச் சந்தேகியுங்கள். பதிவைத் தொட வேண்டாம், தலைப்பை மட்டும் மாற்றிவிட்டு ஒரு மாதம் விடுங்கள். தொட்டவர்கள் நிறைய, இருந்த நேரம் சில விநாடி என்றால், தலைப்பு சொன்னதை முதல் பத்தி கொடுக்கவில்லை. நன்றாகப் படித்துவிட்டு யாரும் திரும்பி வரவில்லை என்றால் அது வேறு கதை. பதிவு தன் வேலையைச் செய்துவிட்டது, அடுத்ததாகப் படிக்க அவருக்கு ஒன்றும் காட்டப்படவில்லை.

அதே பட்டியலில், உங்கள் பதிவு பதில் சொல்லாத கேள்விகளும் இருக்கும். செயின் கழல்வதைப் பற்றி எழுதிய பக்கத்துக்கு, "செயினில் சத்தம் வருகிறது" என்று தேடியவர்கள் வந்து, கிடைக்காமல் போயிருப்பார்கள். அவர்களுக்கு எழுத வேண்டிய பதிவின் தலைப்பை அவர்களே தட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள்.